பேரேடு இல்லாத வீடு

1

முட்டுக்காட்டில், தட்சிணசித்ராவின் செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு எங்கள் ஆயாவின் பித்தளை அண்டா ஞாபகம் வந்தது. கூட வந்த நண்பர் தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அண்டாவா, இங்கயா?' என்று சிரித்தார். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து போனவனுக்கு வட்டிக்கடைக்காரர் வீட்டைப் பார்த்தால் வேறெது ஞாபகம் வரும்?

அண்டாவின் கதை சின்னது. கழுத்துக்குக் கீழே ஆயாவின் பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அவள் கல்யாணத்துக்கு அவள் அப்பன் வாங்கிக்கொடுத்தது. மழை பொய்த்த வருஷங்களில் அது அடகுக்குப் போகும். மரவள்ளி விற்ற காசு வந்தால் வீடு திரும்பும். ஒரு வருஷம் போனது வரவில்லை. கேட்டதற்கு 'மூழ்கிப் போச்சு சாமி' என்றாள். கிணற்றில் தண்ணீர் இல்லாத வருஷத்தில் பாத்திரம் எப்படி மூழ்கும் என்று சின்னப் பையனாக நான் குழம்பியது நினைவிருக்கிறது. வட்டி ஏறி அசலைத் தாண்டினால் பொருள் 'மூழ்கும்' என்பது பின்னால்தான் தெரிந்தது. மழையில்லாத ஊர்களில்தான் இந்தச் சொல் அதிகம் புழங்குகிறது.

இந்தக் கட்டுரை அண்டாவைப் பற்றியது அல்ல. கடன் கொடுத்து வாழ்ந்தவர்களின் வீடுகள் அருங்காட்சியகம் ஆகும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது. ஆனால் எந்த இடத்தில் நின்று பார்க்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. நான் அடகு வைத்தவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

2

தட்சிணசித்ராவைக் கேலி செய்ய நான் வரவில்லை. 1984இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996 டிசம்பரில் அதைத் திறந்தது. இடிபடப் போகிற வீடுகளை வாங்கி, பிரித்து, கடற்கரைக்குக் கொண்டுவந்து மறுபடி எழுப்பினார்கள். அவர்கள் எடுத்திராவிட்டால் அந்தத் தேக்கு நட்சத்திர ஓட்டல் ஒன்றின் வரவேற்பறைக்குப் போயிருக்கும். காப்பாற்றியது பெரிய காரியம். எனக்குள்ள சிக்கல் காப்பாற்றியதில் இல்லை. காப்பாற்றியதை எப்படி அடுக்கினார்கள் என்பதில் இருக்கிறது.

அங்கே செட்டிநாட்டு வணிகர் வீடு இருக்கிறது. நெசவாளர் வீடு இருக்கிறது. உழவர் வீடு, குயவர் வீடு, அக்ரகாரத்து வீடு எல்லாம் இருக்கின்றன. ஒன்றிலிருந்து வெளியே வந்து நாலு எட்டு நடந்தால் அடுத்தது. நடுவில் மரம், நிழல், சுத்தமான நடைபாதை. பார்க்கிறவர் மனசில் 'நம்ம மக்கள் எத்தனை விதமாக வாழ்ந்திருக்கிறார்கள்!' என்ற வியப்பு எழுகிறது. எழத்தான் அப்படி அடுக்கியிருக்கிறது.

இந்த அடுக்குமுறைக்கு ஓர் இலக்கணம் உண்டு. தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்த எண்ணும்மைதான் அது: வணிகரும் நெசவாளரும் உழவரும் குயவரும். 'உம்' போட்டுக்கொண்டே போகலாம், யாருக்கும் மனவருத்தம் இல்லை. இந்த வாக்கியத்தில் இல்லாதது வேற்றுமை உருபு. யார் யாருக்குக் கொடுத்தார்? யாரிடமிருந்து வாங்கினார்? எதை ஈடாக வைத்தார்? யாரால் யார் நிலம் போயிற்று? 'கு'வும் 'ஆலு'ம் 'இடமிருந்து'ம் இல்லாத வாக்கியத்தில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள், யாரும் யாரையும் எதுவும் செய்யமாட்டார்கள். தறிக்கு நூல் வாங்கக் கடன் எழுதிக்கொடுத்த கைக்கும் எழுதி வாங்கிய கைக்கும் நடுவில் இன்றைக்கு இருப்பது நடைபாதை மட்டும்தான்.

பன்முகம், பன்மை என்றெல்லாம் நாமே தொண்ணூறுகளில் இந்தப் பக்கங்களில் எழுதித் தள்ளினோம். ஒற்றைப் பண்பாட்டுக்கு எதிராக அது தேவைப்பட்டது. ஆனால் உறவுகளைக் கழித்துவிட்ட பன்மை காட்சிப்பொருளாக மட்டுமே மிஞ்சும் என்பதை அப்போது நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

3

முட்டுக்காட்டில் வீட்டை இடம்பெயர்த்துவிட்டார்கள், அதனால் உறவு அறுந்தது. அந்தந்த ஊரிலேயே நிற்கிற வீட்டில் அப்படி இருக்காதே என்று ஒரு வாதம் வரலாம். அதற்காகத்தான் செட்டிநாட்டுக்கே போனேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி. காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டுகிற பெரிய வீடுகள் அங்கே உண்டு. ஓட்டலாக மாறிய வீடுகள் உண்டு. சினிமா எடுக்க வாடகைக்கு விடுகிற வீடுகளும் உண்டு. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின.

எந்த வீட்டுக்குள் போனாலும் சுற்றிக்காட்டுகிறவர் ஒரே பாடத்தை ஒப்பிக்கிறார். தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, சுவர்ப்பூச்சு முட்டை வெள்ளைக்கருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று கூட்டிக்கொண்டு போகிறார். பொருள்கள் வந்த ஊர்ப் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். பணம் வந்த ஊர் மட்டும் பாடத்தில் இல்லை. இத்தனைக்கும் இரண்டும் பல வீடுகளுக்கு ஒரே ஊர்தான். தேக்கு வந்த கப்பலில்தான் வட்டியும் வந்தது.

நமக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1852இல் கீழ்ப்பர்மா வெள்ளைக்காரன் கைக்குப் போயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. ஐராவதி வடிநிலத்துக் காட்டை வெட்டி வயலாக்க உழவனுக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கி அவனுக்குக் கொடுக்காது. கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1930இல் வெளிவந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை அங்கே ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், புழங்கிய பணம் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

கடை என்றால் பெரிய கட்டடம் அல்ல. ஒரு பாய், சாய்வான ஒரு மேசைப்பெட்டி, அதற்குப் பின்னால் கணக்கு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள். பொதுவாக மூன்று வருஷத்துக்குச் சம்பளம் பேசிப் போவார்கள். பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுத்தான். முதலாளியின் சொந்த முதலோடு உறவினர் போட்ட பணம், கோயில் பணம், பெண்களின் சீர்ப்பணமான ஆச்சிமார் பணம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் புரண்டன. போதாததற்கு ஐரோப்பிய வங்கிகளிடமும் வாங்கினார்கள். அதாவது கடன் கொடுத்தவரும் கடன்காரர்தான். லண்டனில் தொடங்கி வடிநிலத்துச் சேற்றில் முடிகிற ஒரு சங்கிலியின் நடுக்கண்ணி அவர்.

இப்படிப் பார்த்தால் கானாடுகாத்தான் வீட்டில் பணப்பெட்டிக்கு முக்கிய இடம் இல்லாதது ஏன் என்று புரிகிறது. தொழில் நடந்த இடம் இதுவல்ல. வட்டி வட்டியாக இருப்பதை நிறுத்திக்கொண்டு தூணாக, கதவாக, கல்யாணப் பந்தியாக உருமாறிய இடம் இது. நூறு வருஷம் கழித்து வருகிற சுற்றுலாப் பயணி அந்த உருமாற்றத்தின் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்து 'என்ன ரசனை!' என்கிறான். பண்டத்தின் மாயம் பற்றி மார்க்ஸ் சொன்னதைப் புரியவைக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

4

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. நம் ஆட்களுக்கு வட்டிக்காரன் என்றதும் சினிமா வில்லன் வந்துவிடுகிறான். அந்தச் சுலபம் வேண்டாம். நிலத்தை ஈடாக வைத்த கடனுக்குச் செட்டியார் கடைகள் வாங்கியது மாசம் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று, ஒன்றேகால்; உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் வாங்கியதைவிடக் குறைவு. நிலத்தைப் பிடுங்கிப் பண்ணையார் ஆவது அவர்கள் திட்டமும் அல்ல. பணம் பணமாகத் திரும்ப வேண்டும், மறுபடி கடனாகப் போகவேண்டும் என்பதே தொழில் தர்மம்.

ஆனால் 1930இல் உலக மந்தத்தில் அரிசி விலை சரிந்தது. விற்ற நெல் வட்டிக்கே காணவில்லை. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-38 வாக்கில் அது 25 பங்கு. எட்டே வருஷம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே, கணக்கு சரியாக எழுதப்பட்டதாலேயே, ஒரு நாட்டின் உழவர்கள் தங்கள் வயலிலேயே குத்தகைக்காரர்கள் ஆனார்கள். எனக்கு இதுதான் வில்லன் கதையைவிடப் பயங்கரமாகப் படுகிறது.

அதே 1930 டிசம்பரில் சயா சானின் கிளர்ச்சி வெடித்தது. அடுத்த வருஷம் அவரைத் தூக்கிலிட்டார்கள். பிறகு 1942இல் ஜப்பான் வந்தது; லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் திரும்பினார்கள், வழியில் ஏராளமானோர் செத்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. 1962க்குப் பின் நே வின் ஆட்சியில் மிச்சமிருந்ததும் போயிற்று. வளவுகளின் வெறுமைக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. இழந்தவர்கள் துக்கம் பொய்யல்ல. ஆனால் அவர்கள் இழந்த நிலத்தை அதற்கு முன்னால் இழந்தவன் ஒருவன் இருந்தானே, அவன் எந்தச் சுவரில் தொங்குகிறான்?

நம் இலக்கியத்தில் இதைக் கொஞ்சமாவது கணக்கில் எடுத்தவர் ப. சிங்காரம். இளம்வயதில் மேடானுக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டிலும் அந்தக் கடைகளைக் கடைப்பையன்களின் உயரத்திலிருந்து பார்த்தார். முதலாளியின் வீட்டிலிருந்து அல்ல, பெட்டியடியிலிருந்து. தமிழில் வட்டிக்கடைக்கு நல்ல அருங்காட்சியகம் என்று ஏதாவது இருந்தால் அது இந்த இரண்டு நாவல்கள்தான். அவற்றிலும் கடன் வாங்கியவன் ஓரத்தில்தான் வந்துபோகிறான் என்பது வேறு.

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமான நோய் அல்ல. வங்காளத்தில் முர்ஷிதாபாத் பக்கம் ஜகத் சேட்டின் வீடு இன்றைக்கு அருங்காட்சியகம். பதினெட்டாம் நூற்றாண்டில் நவாபின் வரிப்பணத்தையே கையாண்ட குடும்பம். 'உலகத்தின் சேட்' என்ற பட்டத்தை முகலாயப் பேரரசர் முகம்மது ஷா கொடுத்தார். 1757இல் பிளாசிச் சதியில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. 1763இல் மீர் காசிம் அந்தக் குடும்பத்தின் இரண்டு தலைவர்களைக் கொன்றார். நாணயம், ஆயுதம், சுரங்கப்பாதை, துரோகம் என்று கதைக்குப் பஞ்சமில்லை. இப்படி லேவாதேவியை ராஜாக்களின் நாடகத்தில் ஒரு பாத்திரமாக்கிவிட்டால் போதும், வரி கட்டின ரயத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

5

செட்டிநாட்டில் சுற்றுலாக்காரர்கள் வராத ஒரு தெருவில், பாதி இடிந்த வீட்டில் ஒரு ஆச்சியைப் பார்த்தேன். பதினோரு பங்காளிகளுக்குச் சொந்தமான வீடு. இருப்பது இவர் ஒருவர். என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: 'வாரவுக எல்லாம் தூணத் தடவிப் பாத்துட்டுப் போறாக, தம்பி. கணக்குப் புத்தகத்த யாரும் கேக்கல. மேல மச்சுல அம்புட்டுக் கெடந்துச்சு. கறையான் ஏறுதுன்னு போன வருஷந்தான் எடைக்குப் போட்டோம்.'

எடைக்குப் போட்டது என்ன? சிவமயம் எழுதித் தொடங்கிய பேரேடுகள். யார், எந்த ஊர், எவ்வளவு, எதை ஈடாக, எந்தத் தேதிக்குள். பர்மியப் பெயர்கள் தமிழ் எழுத்தில். அந்த வீட்டின் உண்மையான அஸ்திவாரம் அதுதான். தேக்கைக் கண்ணாடி போட்டுப் பாதுகாத்துவிட்டு அஸ்திவாரத்தைப் பழைய பேப்பர்காரனுக்குக் கொடுத்திருக்கிறோம். ஆச்சியைக் குற்றம் சொல்லமாட்டேன். கேட்க ஆள் வராத பொருளை அவர் எதற்குக் காக்கவேண்டும்?

அருங்காட்சியகம் வைக்கிற ஒவ்வொரு வட்டிக்கடைக்காரர் வீட்டிலும் முதல் பொருளாகப் பேரேட்டை வை, இதுதான் என் கோரிக்கை என்று திரும்பி வந்து நண்பர்களிடம் சொன்னேன். அப்போது ஒரு தோழர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. 'கடன்பட்டவன் பேரேட்டை என்ன பண்ணான்?' என்றார் அவர்.

எரித்தான். 1875 மே மாதம் பூனாவுக்குப் பக்கத்தில் சூபே சந்தையில் தொடங்கிய தக்காணக் கலகத்தில் குன்பி உழவர்கள் கேட்டது லேவாதேவிக்காரரின் பத்திரங்களைத்தான். வாங்கித் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கொடுக்க மறுத்த இடத்தில்தான் பெரும்பாலும் அடிதடி. எழுத்துத் தெரியாதவனுக்கு எழுத்தின் அதிகாரம் நன்றாகவே தெரிந்திருந்தது. விளிம்புநிலை ஆய்வாளர்கள் நமக்கு நினைவூட்டிய விஷயம்தான் இது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். எங்கள் ஆயா ஒரு தடவை முழுசாகக் கடனை அடைத்துவிட்டுப் புரோநோட்டைத் திரும்ப வாங்கி வந்தாள். கிழித்து அடுப்பில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'எரிஞ்சாத்தான் தீந்ததா அர்த்தம்' என்றாள். அன்றைக்கு வீட்டில் கறிக்குழம்பு.

இப்போது படித்துவிட்டு வந்த பேரன் ஆவணம் ஆவணம் என்று கத்துகிறான். அவள் உயிரோடு இருந்தால், எதை அடுப்பில் போட்டுச் சந்தோஷப்பட்டேனோ அதையா கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்றே என்று கேட்பாள். நியாயமான கேள்வி. மறதி அவளுக்கு விடுதலை, எனக்கு இழப்பு. இந்த முரணைத் தீர்த்துவிட்டதாக நான் பாசாங்கு செய்யப்போவதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லலாம். ஆயா எரித்தது அவள் கைநாட்டு வைத்த சீட்டை. அதை எரிக்க அவளுக்கு உரிமை உண்டு. பேரேடு கொடுத்தவன் தன் கையால் எழுதியது. அது அவனுடைய வாக்குமூலம். அவனுடைய தூண் இருக்கிறது, கதவு இருக்கிறது, வாக்குமூலம் மட்டும் எடைக்குப் போகிறது என்றால் அது மறதி ஆகாது. அது ஒரு தரப்புக்கு மட்டும் கிடைத்த கடன் தள்ளுபடி.

6

எங்கள் ஊருக்கு வருகிறேன். பாப்பிரெட்டிப்பட்டியில் காட்ட பர்மாத் தேக்கு வீடு இல்லை. பாராமகால் என்று சொல்லப்பட்ட இந்தச் சீமை 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. ரீடும் அவருக்குக் கீழே மன்றோவும் இங்கேதான் ரயத்துவாரியைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு உழவனும் தனித்தனியாகச் சர்க்காருக்குப் பணமாகக் கட்டவேண்டும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் கிஸ்தி தேதி வரும். பணமாகக் கட்டச் சொன்னால் பணம் வைத்திருப்பவனிடம் போகவேண்டும். நவீன வரியும் வட்டியும் இந்த மண்ணில் கைகோத்துக்கொண்டு நடந்தன.

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். பேர், யாருடைய ஆள், எந்தச் சண்டை என்று கல்லில் வெட்டியிருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவன் யாருக்காகச் செத்தான் என்பது நமக்குத் தெரிகிறது. கிஸ்திக்கும் வட்டிக்கும் இடையே செத்தவனுக்குக் கல் இல்லை.

1969இல் வங்கிகள் நாட்டுடைமை ஆயின. செட்டியார் குடும்பம் ஒன்று 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் ஒன்று. 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீயில் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இன்றைக்கு எங்கள் தெருவில் குழு லோன். பத்துப் பெண்கள் சேர்ந்து வாங்குவது, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவது. வசூல் நாளில் எந்த வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது என்பதைக் காவல்காரன் வைத்துப் பார்க்கவேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரியே பார்த்துக்கொள்வாள். பேரேடு இப்போது ஒரு கைபேசிக்குள் இருக்கிறது. இதை எரிக்க முடியாது. எடைக்கும் போட முடியாது.

ஆகவே வட்டிக்கடைக்காரர் வீடு என்பது முடிந்துபோன விஷயத்தின் நினைவுச்சின்னம் அல்ல. முடிந்துபோனது என்று நம்மை நம்பவைப்பதுதான் அந்த அழகான வளவு செய்கிற வேலை. அருங்காட்சியகம் வைக்கிறவர்களிடம் நாம் கேட்கவேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. வணிகர் வீட்டு முகப்பில் ஒரு பேரேட்டை ஏதாவது ஒரு பக்கத்தில் திறந்து வையுங்கள். நெசவாளர் வீட்டில், உழவர் வீட்டில், அவர்கள் பட்ட கடன் தொகையை எழுதி வையுங்கள். இன்னும் மச்சில் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிற ஆச்சிமார்களிடம் போய், எடைக்குப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். இதைப் படிக்கிற தோழர்களும் கேட்கலாம். அதற்கு யுனெஸ்கோ வேண்டியதில்லை.

ஊர் திரும்பும் முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தேன். கூரை வரைக்கும் பித்தளை அடுக்கியிருந்தது. அண்டா, தவலை, குடம். பலவற்றில் பேர் வெட்டியிருந்தது. தருமபுரிச் சீமைப் பாத்திரம் இங்கே எப்படி வரும் என்று தெரிந்தும் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏதோ ஒரு பெண்ணின் பேர் இருந்த அண்டாவை எடுத்து விலை கேட்டேன். கடைக்காரர் சொன்னார்: 'பேர் இருக்கேன்னு யோசிக்காதீக தம்பி. பாலிஷ் போட்டா போயிரும்.'